வாவிக்கரைப் பூங்காவின் வேர்கள்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், கடலை ஒட்டிய எழுவான்கரையிலும் வயல்களும் குளங்களும் விரிந்த படுவான்கரையிலும், முன்பள்ளி ஆசிரியர்களுக்கு நடத்தப்படும் பயிற்சிகளில் தவறாது பேசப்படுவது குழந்தை மையக் கல்வி என்னும் கோட்பாடாகும். எதை, எப்போது, எவ்வளவு கற்பது என்பதை வளர்ந்தவர்களின் பாடத்திட்டம் முன்கூட்டியே முடிவு செய்துவிடாமல், குழந்தையின் ஆர்வமும் கேள்வியும் விளையாட்டும் வழியைக் காட்ட, ஆசிரியர் அவற்றைக் கவனித்துத் துணை நிற்பதே அதன் சாரம். இக்கோட்பாடு இந்த வாவிக்கரைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்று தேடும்போது, ஐரோப்பியக் கல்வியாளர்களின் நூல்கள் வழியாக வந்தது என்னும் வழக்கமான விடை பாதியளவே பொருந்துகிறது. மற்றப் பாதியைத் தேட வேண்டிய இடம், 1996ஆம் ஆண்டு மட்டக்களப்பு நகரில் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா.

அப்பூங்கா தோன்றிய சூழலை அறியாமல் அதன் கல்விமுறையை விளங்கிக்கொள்ள முடியாது. 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில நாட்களில் ஏறாவூரிலும், செப்டம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானிலும் குழந்தைகள் உட்படப் பலர் கொல்லப்பட்டார்கள். அடுத்தடுத்து அமைந்த தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையே, தலைமுறைகளாக இருந்துவந்த கொடுக்கல் வாங்கலும் போக்குவரவும் அறுந்தன. ஒரு கூப்பிடு தூரத்தில் வளர்ந்த குழந்தைகள் ஒருவரையொருவர் காணாமலே, ஆனால் ஒருவரைப் பற்றி ஒருவர் அஞ்சக் கற்றுக்கொண்டு வளர்ந்தார்கள். உள்நாட்டுப் போர் குழந்தைகளின் உடலையும் மனதையும் எவ்வாறு பாதிக்கிறது என்பதை அறியக் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் இப்பகுதியில் மேற்கொண்ட ஆய்வின் தொடர்ச்சியாகவே பூங்காவுக்கான எண்ணம் உருவானது. கனடிய ஓவியரான போல் ஹோகனும், உளவளத்துணையில் ஈடுபட்டிருந்த இயேசு சபைத் துறவியான அருட்தந்தை போல் சற்குணநாயகமும் சேர்ந்து அதற்கு வடிவம் கொடுத்தார்கள்.

பூங்காவுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பாடசாலை செல்லும் வயதுச் சிறுவர் சிறுமியர் ஆதலால் அதை முன்பள்ளி என்று அழைப்பது பொருந்தாது. ஆயினும் முன்பள்ளிக் கோட்பாடு ஏட்டில் சொல்லுவதை அங்கே செயலில் காண முடிந்தது. தமிழ் ஊர்களிலிருந்தும் முஸ்லிம் ஊர்களிலிருந்தும் சிறுவர்களை ஒரே பேருந்து ஏற்றிக்கொண்டு வரும். வந்தவர்கள் களிமண் பிசைந்து உருவங்கள் செய்வார்கள், வண்ணம் தீட்டுவார்கள், முகமூடியும் பாவையும் செய்வார்கள், செடிகளையும் விலங்குகளையும் பராமரிப்பார்கள், தாம் செய்த உருவங்களைக் கொண்டு கதை கட்டி அதையே நாடகமாக ஆடுவார்கள். அவர்களோடு இருந்து துணைபுரிந்தவர்களில் பலர், தாமும் அதே போரினூடாக வளர்ந்த உள்ளூர் இளையோர். இங்கே கவனிக்கத்தக்கது, சமாதானம் பற்றிய பாடம் அங்கு கற்பிக்கப்படவில்லை என்பது. நடந்தது என்ன என்று எந்தக் குழந்தையையும் வற்புறுத்திக் கேட்காமல், சொல்ல விரும்புவதைக் களிமண்ணிலோ கதையிலோ தன் நேரத்தில் சொல்ல இடம் தரப்பட்டது. குழந்தை நிரப்பப்பட வேண்டிய வெறுமை அன்று, சொல்லுவதற்கு ஏற்கெனவே ஒன்றை உடையது என்னும் நம்பிக்கை இதன் அடியில் இருந்தது. அந்நம்பிக்கையின் மூலமே இத்தேடலின் மையக் கேள்வி.

அதன் அண்மைய வேர் ரொறன்ரோவில் கிடைக்கிறது. 1980களில் அங்குள்ள சிறுவர் மறுவாழ்வு மருத்துவமனையொன்றின் வளவில், உடல் இயலாமையுடைய குழந்தைகளும் அயலிலுள்ள ஏனைய குழந்தைகளும் சேர்ந்து மண்ணிலும் வண்ணத்திலும் விளையாடும் சுருள் தோட்டம் ஒன்றை ஹோகன் தம் தோழர்களோடு அமைத்திருந்தார். இயலாமையால் பிரிக்கப்பட்டிருந்த குழந்தைகளைச் சேர்த்த அந்த ஏற்பாடுதான், இனத்தாலும் மதத்தாலும் பிரிக்கப்பட்ட குழந்தைகளுக்காக மட்டக்களப்பில் மீண்டும் உருப்பெற்றது.

அதற்கும் பின்னே சென்றால் ஒரு தொடர்ச்சி புலப்படுகிறது. மரியா மொண்டிசோரி, 1907இல் உரோமின் சன் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் தம் குழந்தைகள் இல்லத்தைத் திறப்பதற்கு முன்னர், மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடமே தம் முறையைக் கண்டடைந்தார். அவர்கள் பொதுத் தேர்வில் ஏனையோருக்கு நிகராகத் தேறியபோது, நலமுள்ள குழந்தைகளை அந்த மட்டத்திலேயே நிறுத்தி வைத்திருப்பது எது என்று அவர் வினவினார். வட இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகருக்கு அருகே, 1945ஆம் ஆண்டு இரண்டாம் உலகப் போர் ஓய்ந்த சில நாட்களில், வில்லா செல்லா என்னும் சிற்றூர் மக்கள், படையினர் விட்டுச்சென்ற தாங்கி ஒன்றையும் லொறிகளையும் குதிரைகளையும் விற்ற பணத்தில், இடிந்த வீடுகளின் கற்களைக் கொண்டு தம் குழந்தைகளுக்குப் பள்ளி கட்டினார்கள். அதைக் கேள்வியுற்று மிதிவண்டியில் பார்க்கப்போன இளம் ஆசிரியர் லொரிஸ் மலகுட்சி, பின்னர் அந்நகரின் பெயராலேயே உலகறிந்த கல்விமுறையின் தலைமகனானார். சேரிக் குழந்தைகள், ஒதுக்கப்பட்ட குழந்தைகள், போரின் இடிபாட்டில் எஞ்சிய குழந்தைகள் ஆகியோரிடமே இம்முறை திரும்பத் திரும்பப் பிறந்திருப்பது தற்செயல் எனத் தோன்றவில்லை. ஆயத்தமாக இருந்த பாடத்திட்டம் அவர்களிடம் பயனற்றுப்போனபோது, குழந்தையைப் பார்த்துக் கற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி வளர்ந்தவர்களுக்கு இருக்கவில்லை.

தென்னாசிய வழியொன்றும் உண்டு. 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்த மொண்டிசோரி, இத்தாலி போரில் இறங்கியதால் திரும்ப இயலாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். 1944இல் இலங்கையிலும் பயிற்சி வகுப்பு நடத்தினார். அதன் பின்னர் அவருடைய பெயர் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் பரவி, முன்பள்ளி எதற்கும் பொதுப்பெயராகவே வழங்கலானது. முறையோ அதே அளவில் பரவவில்லை.

இத்தகைய தேடலில், எல்லாம் நம் மரபிலேயே இருந்தது என்று காட்டும் ஆசை எழுவது இயல்பு. ஆயினும் சான்றுகள் அதற்கு இடம்தரவில்லை. விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது பெரியவரின் கையே பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கிறது. கையில் கோலேந்திச் சிறுவர்கள் ஆடும் மட்டக்களப்பின் வசந்தன் கூத்திலும் அண்ணாவியார் ஆட்டியபடியே ஆட்டம் பயிலப்படுகிறது. இவை மதிக்கத்தக்க மரபுகளே எனினும், குழந்தையை முன்னே விடுபவை அல்ல. உள்ளூர் வேரைத் தேட வேண்டிய இடம் பெரியவர்களின் கற்பித்தலில் அன்று, குழந்தைகளின் விளையாட்டிலேயே உள்ளது. போர்க்காலத்தில் படுவான்கரையில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் மார்கரெட் ட்ராவிக், 2007இல் வெளியிட்ட தம் நூலில் மட்டக்களப்புப் பிள்ளைகளின் வாழ்வையும் விளையாட்டையும் போரோடு பிணைத்தே ஆராய்ந்தது இக்காரணத்தால் முக்கியமாகிறது. அமிர்தகழியில் பிறந்த பேராசிரியர் சி. மௌனகுரு, கூத்தின் ஆட்டத்தையும் தாளத்தையும் அறிந்தவராய்ச் சிறுவர்களுக்காக ‘தப்பி வந்த தாடி ஆடு’ போன்ற நாடகங்களைப் படைத்ததும் கூத்தின் உலகையும் குழந்தைகளின் விளையாட்டுலகையும் இணைக்கும் முயற்சியாகக் கொள்ளத்தக்கது.

இவ்வளவு வேர்கள் இருந்தும் இன்றைய முன்பள்ளிகளில் அவை தழைப்பது அரிதாகவே உள்ளது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் நான்கு வயதுக் குழந்தையின் கொப்பிவரை நீள்கிறது; எழுத்தும் எண்ணும் எழுதிக் காட்டாத பிள்ளையைக் கண்டு பெற்றோர் கலங்குகிறார்கள். அவர்களைக் குறைகூறுவதில் பயனில்லை, ஏனெனில் போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் உடைமைகளைக் கொண்டுபோன ஊர்களில் படிப்பு ஒன்றே எஞ்சும் சொத்தாகக் கருதப்படுகிறது. குறை வேறிடத்தில் உள்ளது. ரெஜியோ எமிலியாவில் 1963 முதல் நகரசபை இப்பள்ளிகளைத் தன் பொறுப்பில் நடத்தத் தொடங்கி, வகுப்புக்கு இரு ஆசிரியர்களையும் பள்ளிக்கு ஒரு கலைஞரையும் அமர்த்தியது. இலங்கையில் கட்டாயக் கல்வி ஐந்து வயதிலேயே தொடங்குகிறது. அதற்கு முந்திய பருவம் மாகாணத்தின் மேற்பார்வைக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் மத நிறுவனங்களுக்கும் விடப்பட்டிருக்க, வாவிக்கரையின் முன்பள்ளிகளைத் தாங்குபவர்கள் சிறு கொடுப்பனவு மட்டுமே பெறும் இளம்பெண்கள். ஒவ்வொரு குழந்தையையும் பொறுமையாகக் கவனிப்பதற்கு ஆசிரியருக்கு நேரம் வேண்டும், அந்நேரத்துக்கு ஊதியமும் வேண்டும். வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் வெளிநாட்டு உதவி கொடுத்த அந்த நேரத்தை, மாகாணத்தின் வரவுசெலவுத் திட்டம் முன்பள்ளி ஆசிரியருக்கு இன்னும் கொடுக்கவில்லை.