ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் எட்டுக் கண்கள்

நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்களில் பல்லிக்கு அடுத்தபடியாக வாடகை கொடுக்காமல் குடியிருப்பது யார் தெரியுமா? குதிக்கும் சிலந்திதான். வலை பின்னிக் காத்திருக்கும் ஜாதி அல்ல. ஈயைப் பார்த்தால் பூனை மாதிரி பதுங்கிப் போய் ஒரே தாவல்!

அப்படி ஒன்றை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் வளர்த்தான். மூடியில் நாலு ஓட்டை, தினம் ஒரு ஈ. "எட்டுக்கால் பூச்சியை எவனாவது வளர்ப்பானா?" என்று அம்மா விளக்குமாற்றோடு வந்தார். மூன்றாம் நாள் அவன் கத்தினான். "அக்கா, எந்தப் பக்கம் போனாலும் திரும்பி என்னையே பாக்குது!"

பார்ப்பது நிஜம்தான். எட்டுக் கண்களில் முன்னால் இருக்கும் பெரிய இரண்டும் அவ்வளவு கூர்மை. ஆனால் கேமராவும்தான் பார்க்கிறது. உள்ளே உணர்வு என்று ஏதாவது இருக்கிறதா?

விஞ்ஞானிகளையும் இந்தக் கேள்வி விடவில்லை. இதே குடும்பத்தில் போர்ஷியா என்று ஒரு சிலந்தி உண்டு. உயரத்தில் நின்று இரையைப் பார்த்துவிட்டு, கீழே இறங்கி, இரை கண்ணுக்கே தெரியாத சுற்றுவழியில் சரியாகப் போய்ச் சேர்கிறது என்று 1997ல் ஓர் ஆய்வு காட்டியது. அப்படியென்றால் வழி நெடுக அந்த இரை அதன் 'மனசில்' இருந்திருக்க வேண்டாமா? 2022ல் டேனியலா ரோஸ்லர் குழுவினர், நூலில் தொங்கியபடி தூங்கும் குட்டிச் சிலந்திகளைப் படம் பிடித்தார்கள். நாம் கனவு காணும் தூக்கத்தைப் போலவே அவ்வப்போது விழித்திரை அசைகிறது, கால்கள் துடிக்கின்றன! கனவுதான் என்று அவர்கள் அடித்துச் சொல்லவில்லை. 2024ல் வந்த நியூயார்க் பிரகடனமும், பூச்சிகள் வரை உணர்வு இருக்க வாய்ப்பு உண்டு என்றுதான் சொன்னது. உறுதி என்று சொல்லவில்லை.

"உறுதியாத் தெரியாதுன்னா வெச்சுக்கலாம்ல?" என்றான் பையன்.

அக்கா பி.காம். "கடன் வராதுன்னு உறுதியாத் தெரிஞ்ச பிறகாடா ஒதுக்கறோம்? சந்தேகம் வந்தாலே வாரா ஐயக்கடன் ஒதுக்குன்னு தனியா எடுத்து வெச்சிடறோம். இதுவும் அப்படித்தான். பாட்டில்ல அடைஞ்சு கிடக்கறது அதுக்குத் தெரியலேன்னா, திறந்து விட்டதுல உனக்கு ஒரு சிலந்திதான் நஷ்டம். தெரிஞ்சிருந்தா?"

அவனுக்கு அக்கவுண்டன்சி புரியவில்லை. கடைசிக் கேள்வி புரிந்தது.

சாயங்காலம் மூடியைத் திறந்தான். சிலந்தி ஜன்னல் கம்பியில் ஏறி, ஒரு தடவை திரும்பி நின்று, பிறகு ஒரே தாவலில் காணாமல் போனது. எதற்காகத் திரும்பியதோ! அம்மாவின் விளக்குமாறு மட்டும் அந்த ஜன்னல் பக்கம் போகாமல் அவன் இன்றும் பார்த்துக்கொள்கிறான்.