பேஸ்மட்டம்: கண்ணுக்குத் தெரியாத செலவு

ஆங்கிலப் படங்களில் பேஸ்மென்ட் என்றால் வீட்டுக்கு அடியில் இருக்கும் அறை. படி இறங்கிப் போனால் துணி துவைக்கும் மெஷின், பழைய சோபா, சில படங்களில் பேய் :-). அமெரிக்கா, கனடா பக்கம் குளிர் அதிகமுள்ள ஊர்களில் மண்ணே உறைந்துவிடும். உறையாத ஆழம் வரை அஸ்திவாரம் இறங்கியாக வேண்டும். அத்தனை ஆழம் தோண்டியபின் இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஓர் அறை கிடைக்கிறது. அதைப் பிறகு சீரமைத்து வாடகைக்கு விடலாம், வீட்டின் விலையையும் ஏற்றலாம்.

நம்மூர் கொத்தனாரிடம் போய் "பேஸ்மட்டம்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் காட்டுவது தரைக்கு மேலே! அஸ்திவாரத்துக்கும் வீட்டுத் தரைக்கும் நடுவில் நிற்கும் மேடைதான் இங்கே பேஸ்மட்டம். அங்கே பள்ளம், இங்கே மேடு. வார்த்தை ஒன்று, பொருள் நேர் எதிர்.

ராமேஸ்வரம் தீவில் இதற்குக் காரணம் இருக்கிறது. மணலுக்குள் இறங்கிய மழைத்தண்ணீர், அடியிலிருக்கும் உப்புத்தண்ணீரைவிட எடை குறைவு என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. தனுஷ்கோடியில் கையால் சில அடி ஊற்றுத் தோண்டினாலே குடிக்கிற தண்ணீர் வருவது இதனால்தான். அந்த மண்ணில் அறை தோண்டினால் கிடைப்பது கிணறு.

ஆனால் தோண்டாமலேயே வீடு பள்ளத்துக்குள் போவது நடக்கிறது. தெரு ரோடு ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டின் மேலேயே போடப்பட்டால், போட்ட கனமெல்லாம் ஏற்றம்தான். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021 மே மாதம் தமிழக அரசின் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். அதற்கு முன்பு ஏறிய ரோடு ஏறியதுதான், இறங்கவில்லை.

தங்கச்சிமடத்தில் ஒரு வீடு. 1990களில் கட்டியது, 900 சதுர அடி, செங்கல் சுவர், கான்கிரீட் தளம். கட்டும்போது தெருவிலிருந்து இரண்டு படி ஏறி உள்ளே போனார்கள். இப்போது வாசலும் தெருவும் ஒரே மட்டம். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியதே, அன்று தங்கச்சிமடமும் மிதந்தது. இந்த வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பிரிட்ஜ், கட்டில், பீரோவின் கீழ்த்தட்டு, அதிலிருந்த பத்திரம் எல்லாம் நனைந்தன.

கத்தாரில் வேலை பார்க்கும் மகன் வீட்டைச் சீரமைக்க 12 லட்ச ரூபாய் ஒதுக்கினார். தங்கைக்குக் கல்யாணம் வருகிறது. அவர் போட்ட பட்டியல்: பளபளக்கும் டைல்ஸ், பால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன், வாசலில் கிரானைட். போனில் அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"தம்பி, சீலிங்க யாருப்பா அண்ணாந்து பாக்கப் போறா? தண்ணி கீழ இருந்துல்ல வருது!"

அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரு வாரம் வாக்குவாதம். மூன்று வழிகள் முன்னால் இருந்தன.

முதல் வழி, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது. சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று மேஸ்திரி சொன்னார். 900 சதுர அடிக்கு 19 லட்சத்து 80 ஆயிரம். கையில் இருப்பது 12.

இரண்டாவது, உள்ளே மட்டும் மண் கொட்டித் தரையை உயர்த்துவது. செலவு குறைவு. ஆனால் சுவர் ஏறாமல் தரை மட்டும் ஏறினால் கதவு, ஜன்னல், தலைக்கு மேலுள்ள இடம் எல்லாம் குறையும். மூன்றடி ஏற்றினால் குனிந்துதான் உள்ளே போக வேண்டும்.

மூன்றாவது, வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குவது. லாரி டயர் கழற்ற வைப்பார்களே, அதே மாதிரி ஜாக்கிதான். சுவரின் அடியைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, இரும்புச் சட்டம் கொடுத்து, வரிசையாக ஜாக்கிகளைச் செருகுவார்கள். பிறகு ஒரே சத்தத்துக்கு எல்லோரும் ஒரே அளவு திருகுவார்கள். ஒரு பக்கம் அதிகம் ஏறினால் சுவர் வெடிக்கும். தேவையான உயரம் வந்ததும் இடைவெளியில் செங்கல் கட்டி, ஜாக்கிகளை ஒவ்வொன்றாக உருவுவார்கள்.

மூன்றடி தூக்குவதற்கு அவர்களுக்குக் கிடைத்த விலைகள் இவை:

தூக்கும் கூலி, சதுர அடிக்கு 300 வீதம்: 2,70,000
புதிய சுவர், பெல்ட் கான்கிரீட்: 1,60,000
கிராவல் நிரப்புதல்: 1,01,500
தரைக் கான்கிரீட், சாதாரண டைல்ஸ்: 96,000
குழாய், செப்டிக் டேங்க் இணைப்பு, படிகள்: 75,000

மொத்தம் 7,02,500. எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 7,72,750.

கிராவல் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சுவர்கள் போக உள்ளே 800 சதுர அடி, மூன்றடி உயரம், ஆக 2,400 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட் என்றால் 24 யூனிட். தண்ணீர் விட்டுத் திமிசு போட்டால் மண் அமுங்கும், அதனால் 29 யூனிட் வாங்க வேண்டும். பக்கத்தில் கடற்கரை மணல் சும்மா கிடக்கிறதே என்று அதைக் கொட்டினால் உப்பும் சேர்ந்து உள்ளே வரும். அது ஈரத்தை இழுத்து, சுவர்ப் பூச்சைப் பொரிய வைக்கும், கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

கம்பி என்றதும் இன்னொன்று. கடலோரக் கட்டடங்களில் கம்பியைச் சுற்றி எவ்வளவு கான்கிரீட் கவசம் வேண்டும் என்பதற்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. உள்ளூர்ப் பக்கம், பாதிப்பில்லாத இடத்தில் 20 மி.மீ. போதும். கடற்காற்று நேரடியாகத் தாக்கும் இடத்தில் 45 மி.மீ., கான்கிரீட்டும் எம்-30 தரம். பழைய தளத்தில் கம்பி துருவேறி, காரை பெயர்ந்து விழும் நிலை என்றால் வீட்டைத் தூக்குவதில் அர்த்தமே இல்லை. அதனால் முதல் செலவு, பொறியாளரை அழைத்துத் தளத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்வது. இந்த வீட்டுத் தளம் தப்பித்தது.

கடலுக்கு மிக அருகில் வீடு இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளையும் பார்க்க வேண்டும். கட்டத் தடையுள்ள பகுதியில், அனுமதி பெற்ற பழைய வீட்டைப் பழுது பார்க்கலாம். ஆனால் கட்டடம் தரையில் அடைக்கும் பரப்பு முன்பிருந்ததைவிடக் கூடக் கூடாது. நேராக மேலே தூக்கும்போது பரப்பு மாறாது. "அப்படியே ஒரு ரூம் இழுத்துடலாம்" என்று ஆசைப்பட்டால் மாறும்.

சரி, இத்தனை செலவு செய்தால் வீட்டின் மதிப்பு எவ்வளவு ஏறும்? பி.காம். மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பத்திரப் பதிவில் நிலத்துக்கு வழிகாட்டி மதிப்பு, கட்டடத்துக்குப் பரப்பும் வயதும். மூன்றடி உயரத்தில் நின்றாலும் 900 சதுர அடி 900 சதுர அடிதான். உள்ளூர்த் தரகர் பார்த்துவிட்டு, "அதிகபட்சம் மூணு லட்சம் கூடக் கிடைக்கும்ணே" என்றார். 7,72,750 போட்டு மூன்று லட்சம். ஏட்டுக் கணக்கில் 4,72,750 நஷ்டம்!

மகன் இதைத்தான் பிடித்துக்கொண்டார். அம்மா வேறு கணக்குப் போட்டார். போன வெள்ளத்தில் சாமான்களும் பழுதும் சேர்த்து 1,20,000 போயிற்று. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை அப்படி வந்தால் வருஷத்துக்கு 40,000. பன்னிரண்டு வருஷத்தில் அந்த நஷ்டம் அடைந்துவிடும். பாடப்புத்தகத்தில் இதற்குப் பே-பேக் பீரியட் என்று பெயர். அம்மா அந்தப் புத்தகத்தைப் பார்த்ததே இல்லை. அதோடு, தண்ணீர் வரும் வீட்டில் மாடுலர் கிச்சன் போட்டால் அடுத்த வெள்ளத்தில் அதுவும் நஷ்டக் கணக்கில் சேரும். மற்ற எல்லாச் செலவையும் காப்பாற்றும் செலவு இது ஒன்றுதான்.

வரியிலும் ஒரு வித்தியாசம் உண்டு. பெயிண்ட் அடிப்பது பராமரிப்புச் செலவு. பேஸ்மட்டத்தை உயர்த்துவது மூலதனச் செலவு. பிற்காலத்தில் வீட்டை விற்றால் மூலதன ஆதாயத்தைக் கணக்கிடும்போது இதைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் பில் இருக்க வேண்டும். நோட்டில் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு போதாது. கடன் வாங்கிச் செய்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். குடியிருக்கும் வீட்டைப் பழுது பார்க்க வாங்கிய கடனுக்கு, பழைய வரி முறையில் வருஷத்துக்கு 30,000 ரூபாய் வட்டி வரைதான் கழிவு. வீடு கட்டும் கடனுக்குள்ள இரண்டு லட்சம் இதற்குக் கிடையாது. புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு அந்தக் கழிவே இல்லை.

கடைசியில் மகன் ஒத்துக்கொண்டார். வீடு ஏறியது. மீதிப் பணத்தில் பெயிண்ட், சமையலறையில் சிமெண்ட் ஸ்லாப்பின் மேல் கிரானைட், மற்றது தங்கை கல்யாணத்துக்கு. பால்ஸ் சீலிங் பட்டியலிலிருந்து போய்விட்டது.

வேலை முடிந்ததும் அவர் போட்டோ கேட்டார். அனுப்பினார்கள். "என்னப்பா, அதே வீடு மாதிரிதான இருக்கு?" என்றாராம். வித்தியாசம் வாசலில் மட்டும்தான். மட்டமாக இருந்த இடத்தில் இப்போது ஆறு படிகள்.

அந்த ஆறு படிகள்தான் யாருடைய கணக்கிலும் வராத செலவு. அம்மாவுக்கு முழங்கால் வலி. தண்ணீருக்காகக் கட்டிய உயரத்தை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏறி இறங்க வேண்டியவர் அவர். மேஸ்திரி இதை முதலிலேயே கேட்டிருக்கலாம், யாரும் கேட்கவில்லை. படியின் உயரத்தைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுவது, பக்கத்தில் கைப்பிடி வைப்பது, இடமிருந்தால் சரிவுப் பாதை போடுவது எல்லாம் திட்டம் போடும்போதே செய்தால் சில ஆயிரங்களில் முடியும். கைப்பிடி மட்டும் பிறகு வைத்தார்கள். வீட்டைத் தூக்க நினைப்பவர்கள் ஜாக்கிக்காரரிடம் விலை கேட்பதற்கு முன்னால், அந்தப் படியில் தினமும் ஏறப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.