ஒரு கலெக்டர் பங்களாவும் எங்க பெரியப்பாவோட தோட்டத்து வீடும்

பழைய வீட்டை இடிக்கக் கூடாதுன்னு சொல்றது ரொம்ப ஈஸிங்க. அந்த வீட்டுக்கு ஓடு மாத்தற செலவு யாரோடதுன்னு கேட்டாத்தான் எல்லாரும் வேற பக்கம் பார்ப்பாங்க.

முதல்ல ஒரு வரலாறு. ஜான் சல்லிவன்னு ஒரு கோவை கலெக்டர் இருந்தார். அப்போ திருப்பூரும் கோவை மாவட்டம்தான் (தனி மாவட்டமானது 2009-ல). ஆக அவர் நமக்கும் கலெக்டர் :-) நீலகிரிக்கு ஏறிப் போனவர், 1819-ல கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்குல ஒரு பங்களா கட்டினார். அந்த மலையில வெள்ளைக்காரங்க கட்டின முதல் வீடு அதுதான்னு சொல்வாங்க. அப்புறம் 1822-ல ஊட்டியில ஸ்டோன் ஹவுஸ் கட்ட ஆரம்பிச்சார்.

இந்த ரெண்டு வீட்டுக்கும் நடந்ததைப் பாருங்க. ஸ்டோன் ஹவுஸ் இன்னைக்கு அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள்ள இருக்கு. ஆள் புழங்குது, அதனால நிக்குது. கன்னேரிமுக்கு பங்களா கவனிப்பார் இல்லாம பாழாப் போச்சு. 2000-க்கு அப்புறம்தான் நீலகிரி ஆவண மையமும் மாவட்ட நிர்வாகமும் கை கொடுத்து, அதைச் சீர் பண்ணி சல்லிவன் நினைவகமா மாத்தினாங்க. பேர் பெற்ற கலெக்டர் வீட்டுக்கே இந்த கதி!

சட்டம் இல்லாம இல்ல. பழைய சின்னங்களைப் பாதுகாக்க மாநில அரசுக்கு 1966-லயே ஒரு சட்டம் வந்தாச்சு. மத்திய அரசு பாதுகாக்கிற சின்னம்னா அதைச் சுத்தி 100 மீட்டருக்குள்ள புதுசா எதுவும் கட்ட முடியாது. கோயில், கோட்டைக்கு இதெல்லாம் சரி. குடும்பம் குடியிருக்கிற வீட்டுக்கு? பாரம்பரியக் கட்டடங்களுக்குன்னு ஆணையம் அமைக்கிற சட்டத்தை 2012-ல போட்டாங்க. நடைமுறைக்கு வர 2024 ஆச்சு. அந்தப் பன்னெண்டு வருஷத்துல நம்மூர்க்காரங்க எத்தனை ஷெட் போட்டிருப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

எங்க பெரியப்பாவுக்கு அவிநாசி பக்கம் ஒரு தோட்டத்து வீடு இருக்கு. தாத்தாவோட அப்பா கட்டின தொட்டிக்கட்டு வீடு. மழை வந்தா மூணு இடத்துல ஒழுகும். ஓடு மாத்தத் தெரிஞ்ச ஆளும் இப்போ கிடைக்கறதில்ல. நிட்டிங் ஷெட் போட இடத்தை வாடகைக்குக் கேட்டு வந்துட்டாங்க. அவர் என்கிட்ட கேட்டார்: "ஏஞ்சாமி, நீ காலேஜ்ல கணக்குத்தானே படிக்கற? இந்த வீட்டை எந்தப் பக்கம் எழுதுவ, வரவா செலவா?"

நான் படிச்ச கணக்குப்படி வீட்டுக்கு வருஷா வருஷம் தேய்மானம் கழிக்கணும். கடைசியில ஒண்ணும் மிஞ்சாது. நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது, விலையும் ஏறிட்டே போகும். ஆக பேலன்ஸ் ஷீட்டைக் கேட்டா எப்பவுமே "இடி"ன்னுதான் சொல்லும்.

மத்தவங்க என்ன பண்ணாங்க? இங்கிலாந்துல வாரிசு வரி கட்ட முடியாம நிறைய கிராமத்து மாளிகைகளை வித்தாங்க, இடிச்சாங்க. அதைப் பார்த்துட்டு நேஷனல் டிரஸ்ட் 1937-ல ஒரு வழி கொண்டுவந்தாங்க. வீட்டை டிரஸ்டுக்குக் கொடுத்துட்டு குடும்பம் அங்கேயே குடியிருக்கலாம். ஜனங்க வந்து பார்க்கவும் விடணும். மும்பையில 1995-ல வந்த பாரம்பரிய விதிகள்படி, பழைய கட்டடத்தை வெச்சிருக்கிறவர் அங்க கட்ட முடியாத மாடிகளோட உரிமையை வேற இடத்துக்கு வித்துக்கலாம். ரெண்டுலயும் உரிமையாளர் பாக்கெட்டையும் யோசிச்சிருக்காங்க.

"பாதுகாக்கப்பட்டது"ன்னு போர்டு மட்டும் மாட்டினா அது உரிமையாளருக்கு அபராதம் மாதிரிதான். சொத்து வரித் தள்ளுபடி, ஓடு மாத்தக் குறைஞ்ச வட்டிக் கடன்னு கூடவே வந்தாத்தான் எங்க பெரியப்பா மாதிரி ஆளுங்க போர்டை மாட்ட விடுவாங்க.

அவர் இன்னும் முடிவெடுக்கலை. ஐப்பசி மழை வரைக்கும் பார்க்கலாம்னு இருக்கார். உங்க ஊர்லயும் இப்படி ஒரு வீடு இருந்தா, இடிக்கறதுக்கு முன்னாடி நாலு போட்டோவாவது எடுத்து வைங்க.