சுர்மாக் கல்லின் பிறப்பு



உம்ரா சென்று வருவோர் பேரீச்சம்பழத்துடன் சுர்மாவும் வாங்கி வருவது நம்மிடையே வழக்கம். சில வேளைகளில் அது பொடியாக இராமல் கல்லாகவே வரும். எங்கள் இல்லத்திற்கும் அவ்வாறு ஒரு கல் வந்தது. சாம்பல் நிறம், உலோகப் பளபளப்பு, உடைந்த இடமெல்லாம் சதுர முகங்கள், கையில் எடுத்தால் அளவை மீறிய கனம். இக்குறிகள் கலீனா என்னும் காரீயக் கல்லுக்கு உரியவை.

கலீனா உருவாகும் வழிகள் பல. அவற்றுள் நம்மைப் பெரிதும் வியக்க வைத்தது சுண்ணாம்புப் பாறைக்குள் நிகழ்வது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் இதற்குப் பெயர் பெற்றது. ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அதன் தெற்கே வாஷிட்டா மலைகள் எழுந்தபோது, ஆழத்துப் பாறைகளில் தேங்கியிருந்த உப்புநீர் நெருக்கித் தள்ளப்பட்டு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே நகர்ந்தது. அந்நீரின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியது. உப்போ கடல்நீரைவிடப் பல மடங்கு. இத்தகைய உப்புநீர் வழியிலுள்ள பாறைகளிலிருந்து காரீயத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்துச் சுமந்து செல்லும். ஆனால் அதே நீர் காரீயத்தோடு கந்தகத்தையும் மிகுதியாகச் சுமக்க இயலாது. இரண்டும் சேர்ந்தால் உடனே கல்லாகப் படிந்துவிடும்.

ஆகவே காரீயம் ஒரு நீரிலும், அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்ஃபைடு மற்றொரு நீரிலும் வந்து, பாறையின் பொந்துகளில் கலந்தன என்பது ஆய்வாளர்கள் கூறும் முக்கிய விளக்கம். கலந்த இடத்தில் கலீனா படிந்தது. அப்போது வெளிப்பட்ட அமிலம் சுற்றியிருந்த சுண்ணாம்பை அரித்து, அடுத்துப் படிவதற்கும் இடம் செய்து கொடுத்தது! உடன் விளைந்த துத்தநாகக் கனிமத்தின் படிகங்களுள் அப்பழைய நீரின் நுண்துளிகள் இன்றும் சிறைப்பட்டுள்ளன. அவற்றை உறையவைத்து உப்பின் அளவையும், சூடேற்றி அன்றைய வெப்பத்தையும் கணிக்கின்றனர்.

இதைக் கேட்டவுடன், இரு கடல்களைப் பற்றிய இறைவசனத்தை இதனோடு இணைத்துப் பேச நம்மில் சிலருக்கு ஆவல் எழும். அவ்வசனத்தில் வருவது கலவாமல் காக்கும் தடுப்பு. இங்கு நடப்பதோ கலப்பு. வலிந்து பொருத்த வேண்டியதில்லை.

இனி, நம் வீட்டுக் காரியத்திற்கு வருவோம். கலீனாவின் எடையில் ஏறக்குறைய 87 விழுக்காடு காரீயம். மொராக்கோவின் கடைவீதிகளில் கண்மைக்கென விற்கப்படும் கல் பெரும்பாலும் இதுவே. பிற நாடுகளில் சுர்மா என்ற பெயரில் விற்றவற்றைச் சோதித்தபோதும் பலவற்றில் இதுவே காணப்பட்டது. ஹதீஸ்களில் வரும் ‘இஸ்மித்’ என்பதை அந்திமனிக் கல் என்றே பலர் விளக்குகின்றனர். அது ஊசி ஊசியாக விளைவது, கலீனாவைவிடக் கனம் குறைந்தது. பொடியாக்கிய பின் இரண்டையும் கண்ணால் பிரித்தறிதல் கடினம். கடைக்காரர் ‘இஸ்மித்’ என்று எழுதி ஒட்டியிருப்பதும் சான்றாகாது.

“நான் சுர்மா இட்டு வளர்த்த பிள்ளைகளுக்குக் கண் நன்றாகத்தானே இருக்கிறது?” என்று எங்கள் நன்னி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அச்சம் கண்ணைப் பற்றியது மட்டுமன்று. குழந்தை கண்ணைக் கசக்கிய விரலை வாயில் வைக்கிறது. காரீயம் வயிற்றின் வழியே இரத்தத்தில் சேர்ந்து, வளரும் மூளையைத் தாக்குகிறது. வெளியில் எந்த அறிகுறியும் தோன்றாமலே இது நிகழக்கூடும். குழந்தைகளுக்குத் தீங்கற்ற காரீய அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அமெரிக்காவில் இத்தகைய கண்மையை விற்கவே அனுமதியில்லை.

நன்னி தம் கண்ணுக்கு இடுவதை இன்னும் விடவில்லை. கொள்ளுப்பேரனுக்கு இடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். வீட்டிலுள்ள பிள்ளைக்கு நெடுநாள் சுர்மா இட்டிருப்போர், மருத்துவரிடம் அதைச் சொல்லி இரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கும் பரிசோதனையைக் கேட்டுப் பெறலாம். கருவுற்ற பெண்களும் அவ்வாறே கேட்கலாம். தாயின் இரத்தத்திலுள்ள காரீயம் கருவையும் சென்றடையும்.