பத்தியம்

ஓசூர் சிப்காட்டில் கான்ட்ராக்டில் லோடு தூக்கிக்கிட்டிருந்தேன். வயித்துப்போக்கில் என் ஆறு வயசுப் பையனுக்கு மூத்திரம் நின்னுபோச்சு. எல்லை தாண்டி ஒரு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உடம்பில் தண்ணி வத்தி கிட்னி படுத்திருச்சு, திரும்பிரும் என்றார்கள். டயாலிசிஸ் பண்ணினார்கள்.

தம்பி இளநி வாங்கி வந்தான். நர்ஸம்மா தடுத்தாங்க. பொட்டாசியம் ஏறினா நெஞ்சு நின்னுருமாம். சரிதான். "வீட்ல என்ன சாப்பிடுவீங்க?" களி, கருவாடு, மாட்டுக்கறி என்றாள் என் மனைவி. முகம் சுளிச்சாங்க. "அதான் கிட்னி போச்சு." அன்னையிலிருந்து முட்டை, பருப்புகூட இல்லை, கஞ்சித்தண்ணிதான். நாலே நாளில் பையனின் விலா எலும்பை எண்ணலாம்.

அஞ்சாம் நாள் வந்த இளம் டாக்டர் அதட்டினார். பட்டினி போட்டால் உடம்பு தன் சதையையே கரைக்கும், யூரியா இன்னும் ஏறும். டயாலிசிஸிலும் புரதம் கழியும். முட்டை வெள்ளைக்கரு குடுங்க என்றார். டயாலிசிஸைத் தள்ளிப்போடுவதற்காகப் புரதத்தைக் குறைக்க வேண்டாம் என்று உலகச் சிறுநீரக மருத்துவர்களின் வழிகாட்டி நெறி 2012லேயே சொல்லியிருப்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

இளநியை மறுத்தது மருத்துவம். மாட்டுக்கறிக்குச் சுளித்தது சாதி. இரண்டையும் ஒரே சீட்டில் பத்தியம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பையன் பிழைச்சுட்டான். கறிச்சட்டி இறக்கினால் இன்னும் கேக்கிறான்: "தின்னா கிட்னி போயிருமாப்பா?"