மணப்பாட்டு ஓலை

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் காலையிலேயே ஒரு மரத்தோணிக்குச் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமானும் கொண்டுபோகிற தோணிகள் இங்கே இன்னும் ஓடுகின்றன. நின்று பார்த்தால் பகல் அங்கேயே கழிந்துவிடும் என்று பைக்கைத் தெற்கே திருப்பினேன். உப்பளங்கள், பழையகாயல், தாமிரபரணிப் பாலம், ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால், காயல்பட்டினம், திருச்செந்தூர். குலசேகரன்பட்டினம் தாண்டினால் மணப்பாடு வரை மணலும் பனையும்தான்.

மணப்பாட்டுக்கு வருகிறவர்கள் மணல்மேட்டின் உச்சியில் இருக்கும் திருச்சிலுவை ஆலயத்தைத்தான் தேடி வருகிறார்கள். 1581இல் எழுந்த கோயில். அதற்கும் முன்பே, 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை கீழே கடலோரத்தில் இருக்கிறது. நான் தேடிப் போனது ஊருக்குள் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டிகளை.

திண்ணையில் ஓர் அக்கா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஈரத்துணி போர்த்திய ஓலைக்கட்டு. குருத்தோலையை வெயிலில் வெளுக்கக் காயவைத்து, ஈர்க்கை உரித்து, ஒரே அகலத்தில் வார்ந்து, சாயம் வேண்டுமானால் அண்டாவில் போட்டு வேகவைத்து, மறுபடி காயவைத்த பிறகே முடைய உட்கார முடியும். பெட்டியை விலை கேட்கிறவர்கள் முடைகிற நேரத்தை மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள். பாதிக்கு மேற்பட்ட உழைப்பு அதற்கு முன்னாலேயே முடிந்துபோகிறது.

"காஞ்சிருந்தா மடக்கும்போது ஒடியும் தம்பி. ஈரம் கூடுனா பூசணம் பூத்துரும். கடக்காத்து வேற சும்மா இருக்காது," என்றார். எவ்வளவு ஈரம் என்று கேட்டேன். ஒரு வாரை எடுத்து என் விரலில் சுற்றிவிட்டார். தோல்வார் போல மடிந்தது.

அடிப்பகுதியைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, சதுரம் கிடைத்ததும் கால் பெருவிரலால் ஒரு மூலையை அமுக்கிக்கொண்டு மற்ற மூலையை மேலே மடக்கினார். தட்டையாகக் கிடந்தது அந்த இடத்தில்தான் பெட்டியாகிறது. அங்கே ஒரு வார் தளர்ந்தாலும் பெட்டி கோணிக்கொள்ளும்; பிரித்துத்தான் மறுபடி போட வேண்டும். என்னோடு பேசிக்கொண்டே நான்கு மூலையையும் ஏற்றிவிட்டார். சுவர் உயர்ந்ததும் வாயைச் சுற்றி ஈர்க்கு வைத்துத் தைப்பது கடைசி வேலை.

வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்குத்தான். சிறு வள்ளக்காரர்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் ஆடியில் காற்று பிடித்துவிட்டால் வள்ளம் கரையில்தான் கிடக்கும். அந்த நாட்களில் பால், மளிகை, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் எல்லாம் ஓலைக் காசில் நடக்கின்றன. இதைக் கைச்செலவுக்கான பொழுதுபோக்கு வேலை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது. பிளாஸ்டிக் டப்பா விலையைச் சொல்லி இவர்களிடம் பேரம் பேசுவது அநியாயம்.

அக்காவின் கவலை வேறு. குருத்து வெட்டித் தர ஆள் கிடைப்பதில்லை. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது நல்ல காரியம். மரம் நிற்கிறது, ஏறுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பக்கத்து உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதனால் ஏற்றம் ஏதும் உண்டா என்று கேட்டேன்.

"பேரு கெடச்சிருக்கு. ஏறுறவன் மகன் மரத்துப் பக்கம் வரணும்லா?" என்றவர், உள்ளே இருந்த மகளைக் கூப்பிட்டு, பனையேறிக்கு முன்பணம் கொடுத்தாச்சா என்று விசாரித்தார். பதநீர் காலம் முடிவதற்குள் ஓலையை வாங்கிக் காயவைத்துக் கட்டி வைக்காவிட்டால், கிறிஸ்துமஸுக்கு வரும் ஆர்டரை எடுக்க முடியாதாம்.