அசலும் நகலும்

"நகல்" என்ற சொல்லுக்கு நம்மிடம் மரியாதை கிடையாது. பத்திரமானாலும் சரி, பட்டுப் புடவையானாலும் சரி, "நகல்தானே?" என்று யாராவது கேட்டுவிட்டால் அதன் மதிப்பு பாதியாகிவிடும். அசல் நெய், அசல் ஜவ்வாது, அசல் வைரம் என்று எதிலும் அசலையே தேடுகிற ஜனங்கள் நாம். ஆகவே, ஒரு மனிதர் நல்ல நினைவோடு, சட்டைப் பையில் பணத்தோடு, அசல் எதிரே இருக்கும்போதே "எனக்கு நகலைக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கியதைப் பார்த்து நான் அடைந்த வியப்பை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். வாங்கிய பொருள் துப்பாக்கி என்பதால் வியப்போடு கொஞ்சம் நடுக்கமும் சேர்ந்துகொண்டது.

நடந்த இடம் அமெரிக்காவில் அரிஸோனா மாநிலத்து டூஸான் நகரம். அங்கே என் பெண் குடியிருக்கிறாள். 2024-இல் நாலு மாதம் அவள் வீட்டில் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவருக்கு எழுபத்தாறு வயது. அவரை நான் வாத்தியார் என்றே குறிப்பிடப் போகிறேன். தொழிலை விட்ட பிறகும் தோரணையை விடாதவருக்கு அதுதான் பொருத்தம். காலை வேளைகளில் வேலியோரம் நின்று எனக்கு அமெரிக்க சரித்திரம் சொல்லிக் கொடுப்பார். நானும் நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொள்வேன்.

ஒரு நாள் பாடத்தை நிறுத்திவிட்டு, "வருகிற சனிக்கிழமை ஒரு துப்பாக்கி வாங்கப் போகிறேன். கூட வருகிறீர்களா?" என்றார். ஏதோ கத்தரிக்காய் வாங்கப் போகிறவர் மாதிரி சர்வ சாதாரணமாகக் கேட்டார். என் பெண் கதவோரம் நின்று, "வேண்டாம் அப்பா" என்று கண்ணால் ஜாடை காட்டினாள். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குத் துப்பாக்கிக் கடைக்குள் நுழையும் சந்தர்ப்பம் இன்னொரு தடவை வாய்க்குமா? போவதென்று தீர்மானித்துவிட்டேன்.

காரில் போகும்போது விஷயத்தைச் சொன்னார். அவருடைய பாட்டனார் இந்த அரிஸோனாவிலேயே மாட்டுப் பண்ணை வைத்திருந்தவர். அவரிடம் 1873-ஆம் வருஷ மாதிரியைச் சேர்ந்த வின்செஸ்டர் ரைபிள் ஒன்று இருந்தது. பாட்டனாருக்குப் பின் அது தகப்பனாரிடம் வந்தது. சமையலறைக் கதவுக்கு மேலே இரண்டு மரமுளைகளில் படுத்திருக்கும். ஐம்பதுகளில் அந்தப் பிரதேசத்தில் வருஷக் கணக்காக மழை பொய்த்துவிட்டது. 1956-இல் தகப்பனார் அந்தத் துப்பாக்கியை நாற்பது டாலருக்கு விற்று, மாடுகளுக்குத் தீவனம் வாங்கி வந்தார். வாத்தியாருக்கு அப்போது எட்டு வயது. "தீவனம் ஒன்பது நாளில் தீர்ந்துவிட்டது. அந்த முளைகள் மட்டும் நாங்கள் பண்ணையை விட்டு வெளியேறுகிற வரைக்கும் கதவுக்கு மேலே அப்படியே இருந்தன" என்றார். அதற்குப் பிறகு இரண்டு மைல் தூரம் அவர் பேசவில்லை.

இந்தத் துப்பாக்கியின் பூர்வோத்தரம் வேடிக்கையானது. ஆலிவர் வின்செஸ்டர் என்பவர் நியூ ஹேவன் நகரத்தில் சட்டை தைத்து விற்று முன்னுக்கு வந்த வியாபாரி. 1855-இல் நொடித்துக் கொண்டிருந்த ஒரு துப்பாக்கிக் கம்பெனியில் பணம் போட்டார். அவரிடம் வேலை பார்த்த பெஞ்சமின் டைலர் ஹென்றி என்ற தொழிலாளி 1860-இல் ஒரு ரைபிளுக்குக் காப்புரிமை பெற்றார். அந்தக் காலத்துச் சிப்பாய், குழல் வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கிட்டித்துச் சுட வேண்டும். நிமிஷத்துக்கு மூன்று தடவை சுட்டால் கெட்டிக்காரன். ஹென்றியின் ரைபிளோ பதினாறு தோட்டாக்களை வயிற்றில் அடக்கிக்கொண்டு, கேட்கக் கேட்கக் கொடுத்தது. அதன் பேரப்பிள்ளை என்று 1873 மாதிரியைச் சொல்லலாம். 1920-களின் தொடக்கம் வரையில் ஏழு லட்சத்து இருபதினாயிரம் செய்து விற்றார்கள்.

சூத்திரம் ரொம்ப எளிது. விசைக்குக் கீழே விரல்கள் நுழைகிற மாதிரி ஒரு வளையம் இருக்கிறது. அதுதான் லீவர். அதைக் கீழே தள்ளினால், முழங்காலைப் போல் இரண்டாக மடங்கும் ஓர் இரும்பு உறுப்பு உள்ளே பின்வாங்குகிறது. சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு மேலே தெறித்து விழுகிறது. குழலுக்கு அடியிலுள்ள குழாயிலிருந்து புதுத் தோட்டா ஒன்று பித்தளைப் பெட்டியில் ஏறி, கிணற்று வாளி மாதிரி மேலே வருகிறது. லீவரை இழுத்து மூடினால் முழங்கால் நிமிர்ந்துகொண்டு தோட்டாவை உள்ளே தள்ளிவிடும். "சளக், சளக்" என்று இரண்டு சத்தம், அவ்வளவுதான்.

'மேற்கை வென்ற துப்பாக்கி' என்று கம்பெனியார் இதை விளம்பரம் செய்தார்கள். நான் அதைச் சொன்னதும் வாத்தியாருக்குள் இருந்த சரித்திர ஆசிரியர் விழித்துக்கொண்டார். "யார் வென்ற மேற்கு?" என்று கேட்டார். 1876 ஜூன் 25-இல் லிட்டில் பிக்ஹார்ன் நதிக்கரையில் லக்கோட்டா, ஷயான் குலத்து வீரர்கள் கஸ்டர் என்ற தளபதியையும் அவரோடு நின்ற இருநூற்றுச் சொச்சம் சிப்பாய்களையும் மிச்சமில்லாமல் அழித்தார்கள். சிப்பாய்களிடம் இருந்தவை ஒவ்வொரு தடவையும் தோட்டா போட்டுச் சுடுகிற துப்பாக்கிகள். எதிர்த்தவர்களில் பலரிடம் ஹென்றியும் வின்செஸ்டரும் இருந்தன. 1983-இல் அந்தப் புல்வெளி தீப்பிடித்து எரிந்தது. அடுத்த இரண்டு வருஷங்களில் ஆராய்ச்சியாளர்கள் மண்ணைச் சலித்து, தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி, எந்தக் கூடு எந்தத் துப்பாக்கியிலிருந்து விழுந்தது என்று கூடக் கண்டுபிடித்துவிட்டார்கள். "நல்ல துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அன்றைய சண்டையில் ஜெயித்தார்கள். தேசத்தையோ தோற்றார்கள். 1890-இல் ஊண்டட் நீயில் அவர்களுடைய பெண்டு பிள்ளைகளையும் சேர்த்துச் சுட்டுத் தள்ளினோம். இது விளம்பரத்தில் வராது" என்றார் வாத்தியார். "தள்ளினோம்" என்று அவர் சொன்னதை நான் கவனித்தேன்.

"இத்தனையும் தெரிந்துகொண்டா வாங்கப் போகிறீர்கள்?" என்றேன்.

"தெரியாமல் வாங்குவதை விட அது மேல் அல்லவா?" என்றார்.

கடை பெரிய மளிகைக் கடை மாதிரி வெளிச்சமாக இருந்தது. பின்சுவரில் இரண்டு ரைபிள்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொங்கின. மேலே இருந்தது அசல் வின்செஸ்டர். வரிசை எண்ணைக் கொண்டு 1889-இல் செய்தது என்று எழுதி வைத்திருந்தார்கள். இரும்பு பழுப்பேறி, பின்கட்டை எத்தனையோ கன்னங்கள் பட்டு வழவழவென்று ஆகியிருந்தது. விலை ஏழாயிரம் டாலர். கீழே இருந்தது நகல். புத்தம் புது வால்நட் கட்டை; இரும்பில் மயில் கழுத்து மாதிரி நிறம் ஓடிற்று. விலை ஆயிரத்து நானூறு டாலர். இத்தாலியில் செய்தது.

இத்தாலியா என்று நான் திகைத்தேன். வாத்தியார் விளக்கினார். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் கார்தோனே என்று ஓர் ஊர் இருக்கிறது. 1526-இலேயே பெரெட்டா குடும்பத்தார் அங்கிருந்து வெனிஸ் ஆயுதச் சாலைக்கு 185 துப்பாக்கிக் குழல்கள் விற்றதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு 1961-இல் தொடங்கியபோது பழைய ஆயுதங்களுக்கு ஆசைப்பட்டவர்கள் ஏராளம். அசல்களோ கொஞ்சம். அந்தத் தேவையை நம்பி, 1959-இல் தொழில் தொடங்கிய ஊபெர்த்தி போன்றவர்கள் கார்தோனேயில் நகல்கள் செய்ய ஆரம்பித்தார்கள். 1964-இல் செர்ஜியோ லியோனே என்ற இத்தாலிய டைரக்டர், ஸ்பெயின் தேசத்துப் பொட்டலை அமெரிக்காவாக்கிப் படம் பிடித்தார். நகல் மேற்குக்கு நகல் துப்பாக்கி!

எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் சிவகாசியில் அச்சாகும் லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் கதையை விழுந்து விழுந்து படிக்கிறார்களே, அந்த டெக்ஸும் 1948-இல் இத்தாலியில் பிறந்தவர்தானே? நாம் அறிந்த அமெரிக்க மேற்கில் பாதி இத்தாலியிலிருந்து சிவகாசி வழியாக வந்தது என்று வாத்தியாரிடம் சொன்னேன். அவர் பதிலுக்கு இன்னொன்று சொன்னார். நியூ ஹேவனில் இருந்த பழைய தொழிற்சாலையை 2006-இல் மூடிவிட்டார்கள். இன்று வின்செஸ்டர் என்ற பெயரைப் பொறித்துக்கொண்டு வரும் லீவர் ரைபிள்கள் ஜப்பானில் கொச்சி என்ற மாநிலத்தில் தயாராகின்றன. கொச்சி என்றதும் என் காதில் தேங்காயும் மிளகும் மணத்தன. இது வேறு கொச்சி என்று அவருக்கு எப்படித் தெரியும், பாவம்!

கடைப் பையன், "நாற்பத்தைந்து தோட்டாவுக்கான ரைபிளாக எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டா சுலபமாகக் கிடைக்கும்" என்றான். வின்செஸ்டர் கம்பெனியார் அந்த நாளில் அந்தத் தோட்டாவுக்கு இந்த ரைபிளைச் செய்ததே இல்லையாம். அசலுக்கு இல்லாத சௌகரியம் நகலுக்கு! வாத்தியார் மறுத்துவிட்டார். "என் தகப்பனாருடையது நாற்பத்து நாலு - நாற்பது. அதுவே இருக்கட்டும்" என்றார். பிறகு லீவரை மெதுவாகத் தள்ளி இழுத்தார். சளக், சளக். கண்களை மூடிக்கொண்டு இன்னொரு தடவை செய்தார். எட்டு வயதில் கேட்ட சத்தத்தை அவர் ஒத்துப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நான் சுவரில் இருந்த விலைச் சீட்டுகளைப் படிக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அப்புறம் பையன் ஒரு படிவத்தை நீட்டினான். பெயர், பிறந்த தேதி, விலாசம். குற்றம் செய்து தண்டனை பெற்றது உண்டா. உங்களுக்காகத்தான் வாங்குகிறீர்களா, வேறொருவருக்காகவா என்று கேள்விகள். வாத்தியார் ஒவ்வொன்றாகப் பூர்த்தி செய்தார். அது முடிந்ததும் பையன் மத்திய போலீசாரின் பதிவேட்டில் விசாரித்தான். சில நிமிஷங்களில், "கொடுக்கலாம்" என்று பதில் வந்தது.

"அசலை வாங்கினாலும் இதே படிவம்தானா?" என்று கேட்டேன்.

"அசலுக்குப் படிவமே வேண்டாம்" என்றான் பையன்.

விஷயம் இதுதான். 1968-ஆம் வருஷத்து மத்திய சட்டப்படி 1898-ஆம் வருஷ முடிவுக்குள் செய்த துப்பாக்கி புராதனப் பொருள். அது ஆயுதக் கணக்கில் சேராது. இன்றைக்கும் கிடைக்கிற தோட்டாவைப் போட்டுச் சுடக்கூடிய நகலோ சாட்சாத் ஆயுதம். சுவரில் மேலே தொங்கியது யார் யாரைச் சுட்டதோ, அது கலைப்பொருள். ஒரு முயலைக்கூடக் கொல்லாத கீழ்வீட்டுக்காரனுக்குத்தான் போலீஸ் விசாரணை! உலகத்தில் சட்டம் போட்டவர்கள் எல்லாரும் ஹாஸ்ய எழுத்தாளர்களாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அந்த எண்ணம் சாயங்காலம் வரைதான் நிலைத்தது.

வீட்டு வாசலில் வாத்தியாரின் மனைவி நின்றிருந்தாள். நீளமான அட்டைப் பெட்டியைப் பார்த்தாள். கோபிக்கவில்லை. "எங்கே வைக்கப் போகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

"சமையலறைக் கதவுக்கு மேலே, அப்பா வைத்திருந்த மாதிரி. முளைகூடச் சீவி வைத்திருக்கிறேன்."

அந்த அம்மாள் உள்ளே போய் எங்களுக்குக் காப்பி கொண்டு வந்தாள். உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துத்தான் பேசினாள், சொன்னதோ அவருக்கு. அவளுடைய பிறந்த வீட்டிலும் கணப்புக்கு மேலே ஒரு பழைய ரைபிள் அழகுக்காகத் தொங்கியதாம். அதை ஆயுதம் என்று அந்த வீட்டில் யாரும் நினைத்ததில்லை. அவள் தம்பிக்குப் பத்தொன்பது வயது. ஏதோ ஒரு துக்கம். ஒரு வாரம் கழிந்திருந்தால் ஆறிப் போயிருக்கக் கூடிய துக்கம். "அதை எடுக்க அவன் நாற்காலிகூடப் போட வேண்டியிருக்கவில்லை. கை எட்டுகிற உயரம்தான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேருகிற சாவுகளில் பாதிக்கு மேல் இப்படித் தம்மைத் தாமே முடித்துக்கொள்கிறவர்களுடையவை என்று எங்கோ படித்திருந்தேன். படித்தபோது அது வெறும் கணக்கு. அன்றைக்குத்தான் அதற்கு ஒரு முகம் கிடைத்தது.

வாத்தியார் வெகு நேரம் காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு வருஷம் ஒன்றாகக் குடித்தனம் செய்தவர்கள். தம்பி இறந்தது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்த சமாசாரம்தான். ஆனாலும் தம் வீட்டுக் கதவு வேறு, அந்த வீட்டுக் கணப்பு வேறு என்று நினைத்துக்கொண்டிருந்தார் போலும்.

மறுநாள் இரும்புப் பெட்டகம் ஒன்று வந்து இறங்கிற்று. ரைபிள் அதற்குள் போயிற்று. தோட்டாக்கள் வேறோர் அறையில், வேறொரு பூட்டுக்குள். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அதை வெளியே எடுப்பார். அங்கே பழைய காலத்து உடை அணிந்துகொண்டு, பழைய காலத்துத் துப்பாக்கியால் இரும்புத் தகடுகளைச் சுடும் போட்டி நடக்கிறது. 1987 முதல் அதற்கென்று ஒரு சங்கமே இருக்கிறது. அதில் சேர்ந்தால் ஒவ்வொருவரும் ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டாக வேண்டும். ஒருவர் பெயரை இன்னொருவர் வைத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கட்டுப்பாடு நம் எழுத்தாளர்களுக்குள்ளும் இருந்தால் தேவலை! வாத்தியார் தம் பண்ணையின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டார்.

நான் ஊருக்குத் திரும்புவதற்கு முன் ஒரு ஞாயிறன்று அந்தப் போட்டியைப் பார்க்கப் போனேன். எழுபத்தாறு வயதுக் கிழவர் பத்துத் தடவை லீவரைத் தள்ளி இழுத்தார். ஏழு தகடுகள் "டங், டங்" என்றன. திரும்பி வருகையில் அவர் முகம் எட்டு வயதுப் பையனுடையதாக இருந்தது. நாற்பது டாலருக்குப் போனது ஆயிரத்து நானூறு டாலருக்கு வந்துவிட்டதா என்றால், வரவில்லை. அந்தச் சத்தம் மட்டும் வந்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

சட்டம் போட்டவர்களைப் பற்றி நான் சிரித்தேனே, அந்த அம்மாளும் ஏறக்குறைய அதே சட்டத்தைத்தான் தன் வீட்டில் போட்டாள். நினைவுக்கு நகல் எடுக்கலாம். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் நினைவை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு துப்பாக்கியை விட்டுவிட முடியாது. அதுவும் கூடவே வருகிறது, புத்தம் புதிதாக, சரியாகச் சுடும்படியாக. அதனால்தான் பெட்டகத்தின் சாவியை வாத்தியார் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை. அது அந்த அம்மாளின் கொத்துச் சாவியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கேட்பார்; அவள் எடுத்துக் கொடுப்பாள்.